புது காம்பவுண்ட் வில் வாங்கணுமா, பழசே போதுமா? காசு கொடுக்கும் முன் கேட்டுக்க வேண்டிய கேள்விகள்!

கையில் இருக்கிற போன் நல்லாத்தான் வேலை செய்யும். கால், மெசேஜ், கேமரா எல்லாம் ஓகே. ஆனால், புது மாடல் ரிலீஸ் வீடியோவைப் பார்த்த அன்னிக்கு ராத்திரியில் இருந்து அதே போன் திடீர்னு ஸ்லோ ஆன மாதிரி தோணும். 'பேட்டரி சீக்கிரம் இறங்குதோ...' என்று மனசே காரணம் தேட ஆரம்பிக்கும். இந்த வியாதி நமக்கெல்லாம் பழக்கமானதுதான்.

அமெரிக்காவில் வில்லும் அம்புமாகக் காட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே வியாதி உண்டு. மேத்யூஸ், ஹாய்ட், பௌடெக், பி.எஸ்.இ போன்ற கம்பெனிகள் பெரும்பாலும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில் புது வில்லை இறக்குவார்கள். 'இன்னும் வேகம், இன்னும் அமைதி, இன்னும் லேசு' என்று விளம்பரம் வரும். போன சீசன் வரைக்கும் உயிராக வைத்திருந்த வில், சுவரில் தொங்கும் பழைய சாமானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஆனால், ஒரு வித்தியாசம் இருக்கு. போன் சொதப்பினால் ஒரு ரீல்ஸ் லோடு ஆகாது, அவ்வளவுதான். வில் விஷயத்தில் தப்பான முடிவெடுத்தால், அம்பு நாலு இன்ச் தள்ளிப் பாயும். ஒரு மான் காயத்தோடு காட்டுக்குள் ஓடி, ராத்திரி முழுக்க வலியில் கிடக்கும். அதனால் 'வாங்கலாமா, வேண்டாமா' என்ற கேள்வி இங்கே பர்ஸோடு மட்டும் முடியாது. 'எதை மாற்றினால் என் முதல் அம்பு சரியான இடத்தில் பாயும்?' என்பதுதான் உண்மையான கேள்வி.

முதல்ல ஒரு விஷயம்... நம்ம ஊர்ல இது குற்றம்!

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். துப்பாக்கியோ, வில்லோ, கண்ணியோ, எதுவாக இருந்தாலும் கம்பிதான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அமெரிக்க வேட்டைக்காரர்களின் கதை.

அங்கே இது லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை வரம்பு என்று கட்டுப்பாட்டோடு நடக்கிற விஷயம். வில் வேட்டைக்கென்றே தனி சீசன் உண்டு. விஸ்கான்சினில் செப்டம்பர் நடுவிலும், பென்சில்வேனியாவின் பெரும்பாலான பகுதிகளில் அக்டோபர் தொடக்கத்திலும் ஆரம்பிக்கும். குறைந்தபட்சம் எத்தனை பவுண்டு இழுவிசை உள்ள வில் இருக்கணும் என்பதற்குக்கூட பல மாநிலங்களில் சட்டம் இருக்கு. பெரும்பாலும் 30 முதல் 40 பவுண்டு வரை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இன்னொரு சுவாரஸ்யம், அங்கே விற்கிற வேட்டை வில்லின் மேல் 11 சதவிகித மத்திய வரி உண்டு. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்கும் வேட்டைப் பயிற்சிக்கும் போகிறது.

'அப்போ எனக்கு எதுக்கு இது?' என்று ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கத்தையும் இந்தியா அள்ளியதே, அது இதே வகை வில்லில்தான். ஜோதி சுரேகா வென்னமும் ஓஜஸ் தியோத்தலேவும் ஆளுக்கு மூன்று தங்கம் வாங்கினார்கள். பாரிஸ் பாராலிம்பிக்ஸில் காலால் வில்லைப் பிடித்துப் பதக்கம் வென்ற ஷீத்தல் தேவி எய்ததும் காம்பவுண்ட் வில்தான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல்முறையாகச் சேர்கிறது. அவர்களுடைய இலக்கு அட்டை, இவர்களுடையது உயிர். ஆனால், வில்லின் கணக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

கிணத்து ராட்டினம் மாட்டிய வில்

சாதாரண வில்லை இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போகும். முழுசாக இழுத்து நிறுத்திக் குறி பார்க்கும் நேரத்தில்தான் கை அதிகமாக நடுங்கும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் இதுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வில்லின் இரண்டு முனைகளிலும் மையம் தள்ளிய கப்பிகளை மாட்டினார். 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969-ல் அது கிடைத்தது. காம்பவுண்ட் வில் பிறந்தது அப்படித்தான்.

இன்றைக்கு அந்தக் கப்பிகளுக்கு 'கேம்' என்று பெயர். இழுக்கும்போது நடுவில் முழுக் கனமும் கைக்கு வரும். கடைசிக் கட்டத்தில் கேம் திரும்பிவிடும், கனம் சட்டென்று இறங்கும். இதுக்கு 'லெட்-ஆஃப்' என்று பேர். உதாரணமாக 60 பவுண்டு வில், 80 சதவிகித லெட்-ஆஃப் என்றால், இழுக்கும்போது உச்சத்தில் 27 கிலோ, கிட்டத்தட்ட ஒரு கேஸ் சிலிண்டரின் கனம். முழுசாக இழுத்து நிறுத்திய பிறகு கையில் இருப்பது 12 பவுண்டு, அதாவது அஞ்சரைக் கிலோதான். மான் மரத்துக்குப் பின்னால் இருந்து ஒரு அடி முன்னால் வரும்வரை காத்திருக்க முடிவது இதனால்தான்.

இந்த அடிப்படை 50 வருஷத்துக்கும் மேலாக மாறவில்லை. வருஷா வருஷம் மாறுவது அதன் மேல் செய்கிற மெருகு. அந்த மெருகு உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதுதான் விஷயமே.

விளம்பரத்தில் இருக்கிற வேகம் யாருடையது?

புது வில் விளம்பரத்தில் பெரிசாகத் தெரிவது ஒரு எண். 'விநாடிக்கு 345 அடி!' அதைப் பார்த்ததும் கை பர்ஸுக்குப் போகும். ஒரு நிமிஷம் பொறுங்க.

அந்த வேகத்தை அளக்க ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள். இழுவிசை 70 பவுண்டு, இழுக்கும் நீளம் 30 இன்ச், அம்பின் எடை 350 கிரெயின். கிராமில் சொன்னால் சுமார் 23. இப்போ உங்க உடம்பை அளந்து பாருங்க. ரெண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, இந்த நடுவிரல் நுனியில் இருந்து அந்த நடுவிரல் நுனி வரை எத்தனை இன்ச் என்று அளந்து, 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுக்கும் நீளம் தோராயமாகக் கிடைக்கும். 30 இன்ச் வரணும்னா கை விரிப்பு 75 இன்ச் இருக்கணும். அதாவது ஆறே கால் அடி ஆள்! 5 அடி 10 இன்ச் உயரமுள்ளவருக்கு 28 இன்ச்தான் வரும்.

இனி கழித்தல் கணக்கு. இழுக்கும் நீளத்தில் ஒரு இன்ச் குறைந்தால் சுமார் 10 அடி வேகம் போகும். 70 பவுண்டுக்குப் பதில் 60 பவுண்டு என்றால் இன்னும் 15 முதல் 20 அடி போகும். வேட்டைக்குப் போகிறவர்கள் 350 கிரெயின் அம்பைவிடக் கனமானதைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். 420 கிரெயின் என்று வைத்துக்கொண்டால், மூணு கிரெயினுக்கு ஒரு அடி வீதம் மேலும் 20 அடிக்கு மேல் போய்விடும். ஆக 345 என்று வாங்கிய வில், உங்கள் கையில் 280-ஐ ஒட்டித்தான் பாயும்.

வில் ஏமாற்றுகிறது என்று அர்த்தம் இல்லை. கார் விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ் மாதிரிதான் இதுவும். நீங்க ஓட்டுற ரோடு வேற.

மானின் காதோடு போட்டி போட முடியாது

'சரி, அதே கழித்தல் பழைய வில்லுக்கும்தானே? புதுசு 10 அடி வேகம்னா எனக்கும் 10 அடி லாபம்தானே?' நியாயமான கேள்வி. அந்த 10 அடி என்ன செய்யும்னு பார்ப்போம்.

வேட்டையில் பெரும்பாலான அம்புகள் பக்கத்தில் இருந்துதான் விடப்படுகின்றன. 20 கஜம், அதாவது 60 அடி தூரம் என்று வைப்போம். விநாடிக்கு 280 அடி வேகத்தில் அம்பு அங்கே போக 0.214 விநாடி ஆகும். 290 அடி என்றால் 0.207. வித்தியாசம், ஒரு விநாடியை ஆயிரமாக உடைத்தால் அதில் ஏழு பங்கு!

ஆனால், நாண் அதிர்கிற சத்தம் விநாடிக்குச் சுமார் 1,125 அடி வேகத்தில் போகும். 0.053 விநாடியில் மானின் காதில் விழுந்துவிடும். அம்பு வந்து சேர இன்னும் 0.16 விநாடி இருக்கு. வெள்ளை வால் மான் சத்தம் கேட்டதும் பாய்ந்து ஓடுவதற்காக முதலில் உடம்பைத் தாழ்த்தும். அந்த நேரத்தில் அம்பு குறி வைத்த இடத்துக்கு மேலே பாய்ந்துவிடும். வேட்டைக்காரர்கள் ரொம்ப பயப்படுவது இதுக்குத்தான். எந்தப் புது வில்லாலும் சத்தத்தை முந்த முடியாது. சத்தத்தைக் குறைக்க முடியும். அதற்கு இருக்கிற மலிவான வழிகளில் ஒன்று, அதே பழைய வில்லில் கொஞ்சம் கனமான அம்பைப் போடுவது. கனமான அம்பு வில்லின் சக்தியைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். மிச்சமாகி அதிர்வாகவும் சத்தமாகவும் மாறுவது குறையும்.

வேகத்துக்கு ஒரு நிஜமான பலனும் இருக்கு. தூரத்தைத் தப்பாகக் கணித்தால் வேகமான அம்பு கொஞ்சம் மன்னிக்கும். எவ்வளவு? 40 கஜம் என்று நினைத்து விட்ட அம்பு, உண்மையில் 45 கஜத்தில் நிற்கிற மானை நோக்கிப் போகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 280 அடி வேக அம்பு 5 இன்ச் கீழே பாயும். 300 அடி வேக அம்பு 4.3 இன்ச் கீழே பாயும். 20 அடி வேகம் கூட்டியும் முக்கால் இன்ச்கூட மிச்சமாகவில்லை. தூரத்தைச் சரியாகச் சொல்லும் ரேஞ்ச்ஃபைண்டர் கருவி சில நூறு டாலருக்குக் கிடைக்கும். அது இந்த 5 இன்ச் தப்பை அப்படியே இல்லாமல் ஆக்கிவிடும்.

எட்டு வருஷத்தில் என்னதான் மாறிச்சு?

மேத்யூஸ் கம்பெனியின் 2016 மாடல் ஹேலன் 6. விளம்பர வேகம் 345 அடி. அதே கம்பெனியின் 2024 மாடல் லிஃப்ட் 29.5. விளம்பர வேகம் 348 அடி. எட்டு வருஷத்துக்கு மூணு அடி!

அப்போ கம்பெனிக்காரர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. வேகம் நின்ற இடத்தில் நிற்க, மற்றதெல்லாம் நகர்ந்திருக்கு.

எடை: ஹேலன் 6 நாலரை பவுண்டு அளவில் இருந்தது. லிஃப்ட் 29.5 நாலு பவுண்டைத் தொடவில்லை. காலையில் இருந்து மலை ஏறுபவருக்கு இது பெரிய வரம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தோப்பில் மரத்தில் பரண் கட்டி உட்காருபவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால், கொஞ்சம் கனமான வில் கையில் ஆடாமல் நிற்கும் என்று சொல்பவர்களும் உண்டு.

அதிர்வும் சத்தமும்: அம்பை விட்டதும் கையில் வரும் உதறல் இப்போது நிறையவே குறைந்திருக்கு. பத்துப் பதினைந்து வருஷப் பழைய வில்லில் இருந்து வருபவர் இதை முதல் அம்பிலேயே உணர்வார். மூணு வருஷப் பழைய வில்லில் இருந்து வருபவர் தேடிப் பார்க்கணும்.

ட்யூனிங்: அம்பு வளையாமல் நேராகப் பறக்க, கேமைக் கொஞ்சம் இடம், வலம் நகர்த்திச் சரிசெய்ய வேண்டியிருக்கும். முன்பு இதுக்கு வில்லை அமுக்கிப் பிடிக்கும் 'பிரஸ்' மெஷின் வேணும், கடைக்கு நடக்கணும். இப்போது பௌடெக்கின் டெட்லாக் போன்ற வசதிகளில் ஒரு திருகாணியைத் திருப்பியே கேமை நகர்த்தலாம். பக்கத்தில் நல்ல வில் கடை இல்லாதவர்களுக்கு, வேகத்தைவிட இது மதிப்பான மாற்றம்.

1,300 டாலரோடு முடியாது பாஸ்!

அலுமினிய உடலோடு வரும் முன்னணி வில் சுமார் 1,200 டாலரில் ஆரம்பிக்கும். கார்பன் என்றால் 2,000 டாலரை நெருங்கும். நம்ம கணக்கில் லட்சத்துக்கு மேல். அதுவும் வெறும் வில். குறிபார்க்கும் சைட், அம்பு உட்காரும் ரெஸ்ட், ஸ்டெபிலைசர், அம்பறாத்தூணி எல்லாம் தனி. பழசையே கழற்றி மாட்டினால் மிச்சம்தான். ஆனால், புது வில்லின் இழுவிசையோ நீளமோ மாறினால் பழைய அம்பின் விறைப்பு ஒத்துவராது. ஒரு டஜன் அம்புக்கு இன்னும் 100, 200 டாலர். பழைய வில்லை விற்கப் போனால் போட்ட காசு வராது. பெரும்பாலான கம்பெனிகளின் வாரன்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்பதால், இரண்டாம் கை விலை நல்லாவே இறங்கும்.

இப்போ அதே காசில் பழைய வில்லுக்கு என்னென்ன செய்யலாம்னு பாருங்க.

* புது நாணும் கேபிளும்: 100 முதல் 200 டாலர், கூலி தனி. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது இது. நாண் நீண்டுபோனால் இழுக்கும் நீளம், வேகம், பீப் துவாரத்தின் திசை எல்லாமே மாறும். 'வில் பழைய மாதிரி இல்லை' என்ற புகார்களில் பல, நாண் பழசானதால் வருபவைதான்.
* ட்யூனிங்: ஒரு காகிதத்தை ஃபிரேமில் மாட்டி, அதன் வழியாக அம்பை விட்டு, கிழிசலைப் பார்த்துச் சரிசெய்வார்கள். ஓட்டை வட்டமாகவும் அதைச் சுற்றி இறகுகளின் தடமும் இருந்தால் அம்பு நேராகப் பறக்கிறது என்று அர்த்தம்.
* அம்பு: ஒரே எடையில், சரியான விறைப்பில் ஒரு டஜன்.
* கோச்: நாலு வகுப்பு. விரலை வெடுக்கென்று அமுக்கும் பழக்கத்தை எந்த வில்லும் திருத்தாது.

இத்தனையும் சேர்த்தாலும் புது வில்லின் பாதி விலையில் முடிந்துவிடும். புது வில்லோடு வரும் பரவசத்தில் பாதி, உண்மையில் புது நாணும் கடைக்காரர் செய்து கொடுக்கும் புது ட்யூனிங்கும் தருவதுதான். அதைப் பழைய வில்லுக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்க.

எப்போ கண்டிப்பாக மாற்றணும்?

'பழசே போதும்' என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. கீழே இருப்பதில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் மாற்றலாம்.

1. லிம்பில் விரிசல். வில்லின் வளையும் தகடுகள்தான் லிம்ப். ஒரு பஞ்சு உருண்டையை லிம்பின் ஓரமாக மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வாங்க. எங்காவது பஞ்சு சிக்கினால் அங்கே நார் பிரிந்திருக்கலாம். உடனே எய்வதை நிறுத்திவிட்டுக் கடையில் காட்டணும். காம்பவுண்ட் வில், சும்மா தொங்கும்போதும் இறுக்கத்தோடுதான் இருக்கும். அது உடைந்தால் முகத்துக்குப் பக்கத்தில் உடையும்.

2. அம்பு இல்லாமல் நாணை விட்டுவிட்டீர்களா? 'டிரை ஃபயர்' என்று சொல்லும் இதில், அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுக்க வில்லுக்கே திரும்பும். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் கடையில் முழுசாகச் சோதிக்காமல் மறுபடி இழுக்கக் கூடாது. சரிசெய்ய ஆகும் செலவு வில்லின் மதிப்பைத் தாண்டினால் மாற்றிவிடுவதே நல்லது.

3. பாகங்கள் கிடைக்கவில்லை. ரொம்பப் பழைய மாடலுக்கு லிம்ப், கேம், மாட்யூல் தயாரிப்பது நின்றிருக்கும். அந்த வில் இன்றைக்கு நல்லாயிருந்தாலும், ஒரு பாகம் போனால் மொத்தமும் போச்சு.

4. வில் உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை. சின்ன வயசில் வாங்கிய வில்லின் இழுக்கும் நீளம் இப்போது ஒரு இன்ச் குறைவாக இருக்கலாம். நண்பர் கொடுத்த வில்லின் நீளம் உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். பல வில்களில் மாட்யூலை மாற்றி இதைச் சரிசெய்யலாம். முடியாத மாடல் என்றால் மாற்றுங்க. பொருந்தாத வில்லில் பழகப் பழகத் தப்புதான் பழகும்.

5. தோள் சொல்கிறது. உட்கார்ந்தபடியே, காலைத் தரையில் இருந்து லேசாகத் தூக்கிக்கொண்டு வில்லை இழுத்துப் பாருங்க. வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்காமல் இழுக்க முடியவில்லை என்றால், அந்தக் கனம் உங்களுக்கு அதிகம். உறையும் குளிரில் மூணு மணி நேரம் பரணில் அசையாமல் உட்கார்ந்த பிறகு உடம்பு இதைவிட மோசமாகத்தான் இருக்கும். முதலில் லிம்ப் போல்ட்டைத் தளர்த்திக் கனத்தைக் குறைத்துப் பார்க்கலாம். அதுவும் போதவில்லை என்றால், மென்மையாக இழுபடும் புது வில் உண்மையிலேயே ஒரு மருந்து.

கவனிச்சீங்களா? இந்த ஐந்தில் 'புது மாடல் வந்திருக்கு' என்ற காரணம் எங்கேயும் இல்லை.

கடையில் எப்படிச் சோதிக்கணும்?

கடைக்காரர் நீட்டும் வில் பெரும்பாலும் யாருக்கோ செட் பண்ணி வைத்ததாக இருக்கும். 'என் நீளத்துக்கும் என் கனத்துக்கும் மாற்றிக் கொடுங்க' என்று கேளுங்க. கேட்பதில் கூச்சமே வேண்டாம், நல்ல கடைக்காரர் அதைத்தான் முதலில் செய்வார். உங்கள் அம்புகளையும் உங்கள் பழைய வில்லையும் கூடவே எடுத்துட்டுப் போங்க. புதுசில் ஆறு அம்பு, பழசில் ஆறு அம்பு என்று மாற்றி மாற்றி விடுங்க. மூணு அம்பில் மயங்கிவிடாமல் 30 அம்பாவது விட்டுப் பாருங்க. கை சலித்த பிறகுதான் வில்லின் சுயரூபம் தெரியும்.

இன்னும் ரெண்டு சோதனை. முழுசாக இழுத்து ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க. குறி எவ்வளவு ஆடுதுன்னு பாருங்க. அப்புறம் அம்பை விடாமல் மெதுவாக நாணைத் திரும்பக் கொண்டு வாங்க. வேகத்துக்காகச் செய்த சில வில்களில் இந்த இடத்தில் நாண் கையை வெடுக்கென்று முன்னால் இழுக்கும். மான் திரும்பிப் போய்விட்டால் நீங்கள் காட்டில் செய்ய வேண்டியது இதுதான்.

பிறகு இந்த வேகக் கருவியில் ரெண்டு வில்லின் வேகத்தையும் உங்கள் அம்பில் அளக்கச் சொல்லுங்க. விளம்பர எண்ணை மறந்துவிட்டு, அந்த இரண்டு எண்களை மட்டும் ஒப்பிடுங்க.

வாங்குவது என்று முடிவானால் நேரமும் முக்கியம். சீசனுக்கு ரெண்டு வாரம் முன்னால் வில்லை மாற்றுவது, பரீட்சைக்கு முந்தின நாள் மூக்குக் கண்ணாடியை மாற்றுகிற மாதிரி. புது நாண் கொஞ்ச நாள் நீண்டு அடங்கும். கையும் புதுசுக்குப் பழகணும். சீசன் முடிந்து, அடுத்த சீசனுக்குப் பல மாதம் இருக்கும்போது வாங்குவதுதான் புத்திசாலித்தனம். இன்னொரு டிப்ஸ்: புது மாடல் வந்ததும், கடையில் விற்காமல் நிற்கும் போன வருஷ மாடலின் விலை இறங்கும். பிரிக்காத பெட்டி, முழு வாரன்டி. வேக வித்தியாசம் எவ்வளவுன்னு மேலே பார்த்தோமே!

முதல் அம்பு என்ன சொல்கிறது?

கடைசியாக, காசே செலவில்லாத ஒரு பரிசோதனை. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, ஒரு காகிதத் தட்டின் அளவுதான். அம்பு அதில் பாய்ந்தால் மான் சில விநாடிகளில் விழும். கொஞ்சம் பின்னால் தள்ளி வயிற்றில் பாய்ந்தால், அது சாகப் பல மணி நேரம் ஆகும். வேட்டைக்காரர் அரை நாள் காத்திருந்து ரத்தத்தடம் தேடணும். சில நேரம் கிடைக்காமலே போகும். அந்த ராத்திரியில் யாருக்கும் தூக்கம் வராது.

அதனால், ஒரு காகிதத் தட்டை இலக்காக வையுங்க. தினமும் காலையில் எந்த வார்ம்-அப்பும் இல்லாமல், அதே வேட்டை உடுப்போடு, ஒரே ஒரு அம்பு விடுங்க. ஒன்றே ஒன்று. அதோடு வில்லை மாட்டிட்டு வேலைக்குப் போங்க. அம்பு தட்டில் பாய்ந்ததா, இல்லையா என்று காலண்டரில் குறியுங்க. மைதானத்தில் முப்பதாவது அம்பு எங்கே பாய்கிறது என்பது மானுக்கு முக்கியமில்லை. காட்டில் உங்களுக்குக் கிடைப்பது முதல் அம்பு மட்டும்தான்.

ஒரு மாதம் கழித்துக் காலண்டரைப் பாருங்க. 20 கஜத்தில் 30-க்கு 30 பாய்ந்திருந்தால் உங்கள் பழைய வில் தன் வேலையைச் செய்கிறது. 30 கஜத்துக்கு நகருங்க. எந்தத் தூரத்தில் தட்டைத் தவறவிட ஆரம்பிக்கிறீர்களோ, அதுக்கு முந்தின தூரம்தான் காட்டில் உங்கள் எல்லை. தவறிய அம்புகள் எல்லாப் பக்கமும் சிதறினால் தப்பு பெரும்பாலும் கையில், கோச்சிடம் போங்க. ஒரே பக்கமாகத் தவறினால் முதலில் சைட்டையும் ட்யூனிங்கையும் பாருங்க. இதெல்லாம் சரிசெய்த பிறகும் தோள் வலிக்கிறது, நீளம் பொருந்தவில்லை, வில்லை நம்ப முடியவில்லை என்றால் தாராளமாகப் புதுசு வாங்குங்க. அப்போது உங்களுக்கு என்ன வேணும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். விளம்பரம் சொல்ல வேண்டியதில்லை.

'எனக்கு ஆசையா இருக்கு, காசும் இருக்கு, அதனால வாங்குறேன்' என்றால் அதிலும் தப்பே இல்லை. சந்தோஷமாக வாங்குங்க. வாங்கிய மறுநாள் காலையிலும் அந்தக் காகிதத் தட்டு அதே இடத்தில்தான் இருக்கும். அதில் முதல் அம்பு பாயும்வரை பழைய வில்லை மட்டும் விற்றுவிடாதீங்க!